புகையிலை சர்வேயில் பாலினமும் பாலீர்ப்பும்: கேள்வியை எப்படி வைப்பது?

புகையிலை சர்வே என்றால் பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை, இ-சிகரெட் என்று ஒன்றுவிடாமல் துருவித் துருவிக் கேட்போம். பதில் சொல்கிறவர் யார் என்ற இடம் வந்ததும் ஆண், பெண் என்று ஒரு டிக்கோடு முடித்துவிடுவோம். பல நாடுகளில் நடக்கும் உலக வயதுவந்தோர் புகையிலை சர்வேயின் மூலக் கேள்வித்தாளில் அதை வாய்விட்டுக் கேட்பதுகூட இல்லை. 'பார்த்துப் பதிவு செய்யவும், தேவைப்பட்டால் கேட்கவும்' என்றுதான் களப்பணியாளருக்குக் குறிப்பு. இந்தியாவில் 2016-17ல் நடந்த சுற்றில் புகையிலை பயன்படுத்துவோர் ஆண்களில் 42.4 சதவீதம், பெண்களில் 14.2 சதவீதம். திருநர் (பிறப்பில் பதிவான பாலினத்திலிருந்து வேறுபட்ட பாலினமாகத் தன்னை உணர்பவர்) எத்தனை பேர், தன்பாலீர்ப்பாளர் எத்தனை பேர் என்பதை இந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

முதல் முறையாகக் கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிகம் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

படி 1: எதை அளக்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

பாலீர்ப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: யார் மீது ஈர்ப்பு, யாரோடு உறவு, தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறார். மூன்றும் ஒரே ஆளிடம் பொருந்தி வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எச்.ஐ.வி. ஆய்வு என்றால் உறவைக் கேட்பார்கள். புகையிலைக்கு, என் கணிப்பில், அடையாளம்தான் முதலில் வேண்டும். ஒதுக்கப்படுவதால் வரும் மன அழுத்தம், பழகும் இடம், கம்பெனிகள் குறிவைப்பது எல்லாம் அடையாளத்தைச் சுற்றித்தான் வருகின்றன. ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் கம்பெனி 1990களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோவின் தன்பாலீர்ப்பாளர்களையும் வீடற்றவர்களையும் குறிவைத்து ஒரு விற்பனைத் திட்டம் தீட்டியது. அதற்கு உள்ளே வைத்திருந்த பெயர் 'ஸ்கம்', அதாவது கசடு. கம்பெனியின் ஆவணங்கள் வெளியே வந்தபோது இதுவும் வந்தது.

பதின்வயதினரிடம் என்றால் ஈர்ப்பையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த வயதில் பலர் தங்களுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

படி 2: பாலினத்துக்கு இரண்டு கேள்வி

'ஆண் / பெண் / திருநர்' என்று ஒரே கேள்வியில் மூன்று கட்டம் வைப்பது எளிது. ஆனால் பிறப்பில் பெண் என்று பதிவாகி, இப்போது தன்னை ஆண் என்று மட்டுமே சொல்லும் திருநம்பி 'ஆண்' கட்டத்தில் டிக் செய்துவிட்டுப் போய்விடுவார். உங்கள் கணக்கில் அவர் தொலைந்துபோவார். அதனால் இப்படிப் பிரியுங்கள்:

அ) நீங்கள் பிறந்தபோது உங்கள் பாலினம் என்னவென்று பதிவானது? (ஆண் / பெண் / தெரியாது / சொல்ல விருப்பமில்லை)

ஆ) இப்போது உங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள்? (ஆண் / பெண் / திருநங்கை / திருநம்பி / வேறு, எழுதவும் / சொல்ல விருப்பமில்லை)

ஊடுபால் (ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடற்கூறோடு பிறப்பது) பற்றி அறிய வேண்டுமானால் அதற்குத் தனிக் கேள்வி வேண்டும். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2022ஆம் ஆண்டு அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது.

படி 3: உறுதிப்படுத்தும் கேள்வியை விட்டுவிடாதீர்கள்

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இது. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம்.

10,000 பேரிடம் சர்வே. உண்மையில் திருநர் 50 பேர். மீதி 9,950 பேரில் இருநூறுக்கு ஒருவர் கேள்வி புரியாமலோ கை தவறியோ தப்பான கட்டத்தைத் தொடுகிறார். அரை சதவீதப் பிழை, எந்த சர்வேயிலும் சாதாரணம். ஆனால் அது ஏறக்குறைய 50 பேர். இப்போது உங்கள் 'திருநர்' பட்டியலில் 100 பேர், பாதிப் பேர் திருநரே இல்லை. உண்மையான திருநரில் 35 சதவீதம் புகைக்கிறார்கள், மற்றவர்களில் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் அட்டவணையில் திருநர் புகைப்பழக்கம் 25 சதவீதம் என்று வரும். இடைவெளி பாதியாகச் சுருங்கிவிட்டது. மாதிரியை லட்சமாக்கினாலும் தவறும் அதே விகிதத்தில் கூடவே வளரும்.

இங்கிலாந்து, வேல்ஸில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தச் சிக்கல் வெளிப்படையாகவே வந்தது. 'நீங்கள் அடையாளப்படுத்தும் பாலினமும் பிறப்பில் பதிவான பாலினமும் ஒன்றா?' என்ற ரீதியில் ஒரே நீளமான கேள்வி. 'இல்லை' என்றவர்கள் சுமார் 2,62,000 பேர், அதாவது 0.5 சதவீதம். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் அதிகம் வாழும் லண்டன் பகுதிகளில் இந்த விகிதம் எதிர்பாராத அளவுக்கு எகிறியிருந்தது. கேள்வியையே பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்ற விவாதம் கிளம்பி, 2024ல் அந்தப் புள்ளிவிவரத்தின் தரநிலையே இறக்கப்பட்டது.

தீர்வு ஒரு வரிதான். அ-வும் ஆ-வும் வேறுபட்டால் மட்டும் டேப்லெட் திரையில் இது வரட்டும்: 'பிறந்தபோது பெண், இப்போது ஆண் என்று குறித்திருக்கிறேன். சரிதானே?' அமெரிக்க சென்சஸ் துறையின் ஹவுஸ்ஹோல்ட் பல்ஸ் சர்வே 2021லிருந்து இப்படித்தான் கேட்டது. கை தவறித் தொட்டவர் அங்கேயே திருத்திக்கொள்வார்.

படி 4: பாலீர்ப்புக் கேள்வி

அமெரிக்க தேசிய சுகாதார நேர்காணல் சர்வே 2013ல் இந்தக் கேள்வியைச் சேர்த்தது. அதற்கு முன் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்ததில் தடுமாறியவர்கள் பெரும்பாலும் எதிர்பால் ஈர்ப்பு உள்ளவர்களே. தங்களுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. அதனால் அந்த விடையை 'ஸ்ட்ரெய்ட், அதாவது கே அல்ல' என்று விளக்கத்தோடு வைத்தார்கள். அந்த ஆண்டு வயதுவந்தோரில் 96.6 சதவீதம் அதைத் தேர்ந்தார்கள். கே அல்லது லெஸ்பியன் 1.6, இருபாலீர்ப்பு 0.7.

தமிழிலும் பெரும்பான்மையினருக்கான விடையைத்தான் முதலில் தெளிவாக்க வேண்டும். 'எதிர்பாலினத்தவர் மீது மட்டும் ஈர்ப்பு' என்று முழுதாக எழுதுங்கள். பிறகு தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு, வேறு, தெரியாது, சொல்ல விருப்பமில்லை. 'தெரியாது' வேறு, 'விருப்பமில்லை' வேறு. ஒன்றாக்கினால் குழப்பமும் கூச்சமும் ஒரே எண்ணில் கலந்துவிடும்.

எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் பத்துப் பேரிடமாவது படித்துக்காட்டி, 'என்ன புரிந்தது?' என்று அவர்கள் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். அதில் பாதிப் பேர் திருநரும் தன்பாலீர்ப்பாளருமாக இருக்கட்டும், மீதிப் பாதி பக்கத்துவீட்டு அத்தை மாதிரி ஆட்களாக இருக்கட்டும். கணக்கைக் கெடுக்கப்போவது இரண்டாவது பாதி.

படி 5: எங்கே, எப்படிக் கேட்பது

திண்ணையில் மாமியார் உட்கார்ந்திருக்க மருமகளிடம் இதைக் கேட்டால் பதில் என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டேப்லெட்டையும் ஹெட்போனையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அமெரிக்காவின் பாத் ஆய்வு, புகையிலைக்கென்றே நடக்கும் பெரிய தொடர் சர்வே, அப்படித்தான் செய்கிறது: கேள்வி காதில் ஒலிக்கும், அவரே திரையைத் தொடுவார். வீட்டுத் தலைவர் மற்றவர்களுக்காகப் பதில் சொல்ல அனுமதிக்கவே கூடாது.

இந்தக் கேள்விகளை வயது, படிப்பு கேட்கும் பகுதியிலேயே வையுங்கள். 'அடுத்து வருவது கொஞ்சம் சங்கடமான கேள்வி' என்று பீடிகை போட்டால் சங்கடத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள். அமெரிக்க சர்வேக்களில் இதைவிட வருமானக் கேள்விக்குத்தான் மறுப்பு அதிகம்.

படி 6: கணக்கிடும்போது

எல்லோரையும் 'சிறுபான்மையினர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். அமெரிக்கத் தரவுகளில் இருபாலீர்ப்புப் பெண்களின் புகைப்பழக்கம் மற்றப் பெண்களைவிடத் திரும்பத் திரும்ப அதிகமாகத் தெரிகிறது. மூட்டை கட்டினால் அது மறைந்துபோகும். ஆள் போதவில்லையென்றால் குழுக்களைச் சேர்ப்பதற்குப் பதில் இரண்டு மூன்று ஆண்டுத் தரவைச் சேருங்கள். வயதுக்கும் சரிசெய்யுங்கள், வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர்களில் இளையவர்கள் அதிகம், புகைப்பழக்கமோ வயதோடு மாறும்.

ஆண்டுகளைச் சேர்க்குமுன் ஒவ்வோர் ஆண்டின் கேள்வித்தாளையும் திறந்து பாருங்கள். ஆண், பெண் என்ற இரண்டை மட்டும் ஏற்கும் அமெரிக்க அதிபரின் நிர்வாக ஆணை 2025 ஜனவரியில் வந்த பிறகு அமெரிக்கக் கூட்டாட்சி சர்வேக்கள் பலவற்றில் பாலின அடையாளக் கேள்வி நீக்கப்பட்டது. கேள்வியே இல்லாத ஆண்டின் வெற்றுக் கட்டத்தைப் 'பதில் இல்லை' என்று எண்ணிவிடக் கூடாது.

வெளியிடும்போது சிறிய எண்களை மறையுங்கள். ஓர் ஊராட்சியில் மூன்று திருநம்பிகள், அதில் இருவர் பீடி குடிப்பவர்கள் என்று அட்டவணை போட்டால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடங்களில் மாவட்ட அளவுக்கு ஏற்றிக் கொடுங்கள், பெயரும் கைபேசி எண்ணும் உள்ள கோப்பைப் பதில்களிலிருந்து முதல் நாளே பிரித்து வையுங்கள்.