ஈர்ப்பைக் காந்தத்தோடு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடும் மின்சுமை காந்தவிசையை உண்டாக்குகிறது. அப்படியென்றால் ஓடும் நிறை, ஈர்ப்பில் ஏதாவது மாற்றம் செய்யுமா? செய்யும் என்கிறது ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல். அருமையான கேள்வி இது. ஆனால் ஒப்பிடும்போது சில இடங்களில் வழுக்கிவிடும்.

திசையை அப்படியே நகலெடுப்பதுதான் முதல் தவறு. ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இரண்டு இணைக் கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும் என்று பிளஸ் டூவில் படித்திருப்போம். நிறைகளுக்கு இது தலைகீழ். இணையாக ஓடும் இரு நிறைகளுக்கு நடுவே, ஓட்டத்தால் வரும் பங்கு விலக்கும் பங்கு. அதற்காக அவை விலகிப் போய்விடாது, ஈர்ப்பு சற்றுக் குறையும். ஒளியில்தான் இதன் எல்லையைப் பார்க்கலாம்: ஒரே திசையில் இணையாகச் செல்லும் ஒளிக்கற்றைகள் ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை என்று 1931-ல் டோல்மன், எரென்ஃபெஸ்ட், பொடோல்ஸ்கி என்ற இயற்பியலாளர்கள் மூவரும் கணக்கிட்டார்கள்.

'வேகமாக ஓடினால் நிறை கூடும், கூடிக்கொண்டே போனால் கருந்துளை ஆகிவிடும்' என்பதும் தவறு. கூடவே பயணிப்பவருக்கு அந்தப் பொருளில் எந்த மாற்றமும் தெரியாது. கருந்துளையா இல்லையா என்பது பார்ப்பவரைப் பொறுத்து மாறாது.

அப்புறம், காந்தவிசை கண்ணுக்குத் தெரிவதால் ஈர்ப்பிலும் தெரியும் என்று எதிர்பார்ப்பது. செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. எறும்பே அதைவிட வேகமாக நடக்கும்! இருந்தும் மோட்டார் சுற்றுகிறதே, எப்படி? கம்பியில் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் சரிசமமாக இருப்பதால் பிரம்மாண்டமான மின்விசை அடிபட்டுப் போகிறது. மிஞ்சிய துளிதான் காந்தவிசை. நிறையில் எதிர்க்குறி கிடையாது. எதுவும் அடிபடாது. அதனால் சாதாரண ஈர்ப்பின் அடியில், ஓட்டத்தால் வரும் அந்தத் துளி புதைந்தே கிடக்கிறது.

அதைத் தோண்டியெடுக்க, 2004-ல் கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோளில் பிங்பாங் பந்து அளவு குவார்ட்ஸ் உருண்டைகள் நான்கைச் சுழலவிட்டு, 642 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றவைத்தார்கள். தன்னைத்தானே சுற்றும் பூமியும் ஓடும் நிறைதான்; கோட்பாட்டின்படி அது அந்த உருண்டைகளின் அச்சை ஆண்டுக்கு ஒரு பாகையில் சுமார் லட்சத்தில் ஒரு பங்கு திருப்ப வேண்டும். 2011-ல் முடிவு வந்தது: ஆண்டுக்கு எதிர்பார்த்தது 39.2 மில்லிவிகலை (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு விகலை, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிவிகலை), அளந்தது 37.2, பிழை வரம்பு 7.2.