ஆட்டோகேட் ஷார்ட்கட்டை உங்கள் கைக்குத் தகுந்த மாதிரி மாற்ற

பிளான் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் சி அடித்தால் வட்டம், காப்பி வேண்டுமானால் சிஓ. வீட்டுப் பிளான் போடுகிறவருக்கு நாள் முழுக்க காப்பிதான் வேலை, வட்டம் எப்போதாவது. அதனால் நான் முதலில் மாற்றுவது இதைத்தான்: சி என்றால் காப்பி, சிசி என்றால் வட்டம்.

இந்தச் சுருக்கங்கள் எல்லாம் ஏகேட்.பிஜிபி என்ற சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் இருக்கின்றன. திரையின் மேலே பட்டன்கள் இருக்கும் பட்டையான ரிப்பனில் மேனேஜ் டேபுக்குப் போய் எடிட் அலையாசஸ் கொடுத்தால் நோட்பேடில் திறக்கும். திறந்ததும் வேறு எதையும் தொடாமல் அப்படியே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

ஒவ்வொரு வரியும் ஒரே அமைப்புதான். முதலில் சுருக்கம், அப்புறம் கமா, அப்புறம் நட்சத்திரக் குறி, அதை ஒட்டியே முழு கமாண்டின் பெயர். அரைப்புள்ளியில் தொடங்கும் வரியை ஆட்டோகேட் கண்டுகொள்ளாது, அது குறிப்பு எழுதுவதற்கு. மேலே இருக்கும் பழைய வரிகளைத் தேடிப் பிடித்துத் திருத்துகிறார்கள் பலர், அது வேண்டாம். கோப்பின் அடிமட்டத்தில் யூசர் டிஃபைன்ட் கமாண்ட் அலையாசஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே எழுதுங்கள். ஒரே சுருக்கம் இரண்டு இடத்தில் இருந்தால் இந்தப் பகுதியில் இருப்பதுதான் செல்லும், அடுத்த வெர்ஷனுக்கு மாறும்போதும் இங்கே எழுதியது கூடவே வர வழி இருக்கிறது.

சேவ் செய்த உடனே சி அடித்துப் பார்த்தால் பழையபடி வட்டத்தின் மையப்புள்ளியைத்தான் கேட்கும். பயப்பட வேண்டாம், கோப்பை ஆட்டோகேட் இன்னும் திரும்பப் படிக்கவில்லை. ரீஇனிட் என்று அடியுங்கள், வரும் பெட்டியில் பிஜிபி ஃபைலை டிக் செய்து ஓகே கொடுங்கள். இப்போது சி அடித்தால் எதைக் காப்பி செய்ய என்று கேட்கும்.

பிஜிபியில் கமாண்டின் பெயரை மட்டும்தான் சுருக்க முடியும், அதற்குள் வரும் ஆப்ஷனைச் சேர்க்க முடியாது. ஜூம், அதற்குள் எக்ஸ்டென்ட்ஸ் (வரைபடம் முழுவதையும் திரையில் காட்டுவது), இரண்டும் ஒரே சுருக்கத்தில் வேண்டுமென்றால் லிஸ்ப் என்ற மொழியில் ஒரு குட்டி நிரல் எழுதி ஏகேட்டாக்.எல்எஸ்பி என்ற கோப்பில் போட வேண்டும். அந்தக் கோப்பு சப்போர்ட் பாதையில், அதாவது ஆட்டோகேட் தன் கோப்புகளைத் தேடும் ஃபோல்டர்களில் இருந்தால் ஒவ்வொரு டிராயிங் திறக்கும்போதும் தானாக லோடாகும்.

அடுத்தது பேக்கப், இதில்தான் நான் அடிபட்டேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் சிஸ்டத்தை ஃபார்மட் செய்யப் போகிறோம் என்றார்கள். ஆப்ஷன்ஸில் புரொஃபைல்ஸ் டேபுக்குப் போய் எக்ஸ்போர்ட் கொடுத்து, வந்த ஏஆர்ஜி கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். திரும்ப இம்போர்ட் செய்ததும் திரையின் நிறம், கிராஸ்ஹேர் (கூட்டல் குறி வடிவ கர்சர்) அளவு எல்லாம் சரியாக வந்தன, ஆனால் மூன்று வருடமாகச் சேர்த்த சுருக்கங்களில் ஒன்றுகூட இல்லை. ஏஆர்ஜி என்பது விண்டோஸ் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் ஆட்டோகேட் செட்டிங்கின் நகல், பிஜிபி அதற்குள் வராது. லிஸ்ப் கோப்பும் வராது, ரிப்பன், மெனு மாற்றங்கள் இருக்கும் சியுஐஎக்ஸ் கோப்பும் வராது. நான்கையும் தனித்தனியாக எடுங்கள்.

பிஜிபி எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் கமாண்ட் லைனில் அடைப்புக்குறி போட்டு ஃபைண்ட்ஃபைல் என்று எழுதி, ஒரு இடம் விட்டு, இரட்டை மேற்கோளுக்குள் கோப்பின் பெயரைக் கொடுத்து, அடைப்பை மூடி என்டர் தட்டுங்கள். முழுப் பாதையும் வந்துவிடும். அது பெரும்பாலும் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும், விண்டோஸ் அந்த ஃபோல்டரை மறைத்து வைத்திருப்பதால் எக்ஸ்புளோரரில் ஹிடன் ஐட்டம்ஸை டிக் செய்த பிறகே கண்ணில் படும்.