தேய்மானத்தைக் கணக்கிட்டு ஏட்டில் எழுதும் முறை

இயந்திரம், கட்டடம் போலப் பல ஆண்டுகள் பயன்படும் ஒரு நிலைச் சொத்தை வாங்கச் செலவிட்ட தொகையை, அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, ஒவ்வோர் ஆண்டின் செலவாகவும் எழுதுவதே தேய்மானம். அச்சொத்து இன்று சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்ற மதிப்பீடும் அன்று, புதியது வாங்க ஒதுக்கிவைத்த பணமும் அன்று. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்த பிறகே கணக்கில் இறங்க வேண்டும்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தார் 5,00,000 ரூபாய்க்கு ஆஃப்செட் இயந்திரம் வாங்கி, லாரி வாடகைக்கும் நிறுவுவதற்கும் 40,000 ரூபாய் செலவிட்டதாகக் கொள்வோம். அடக்கவிலை 5,40,000 ரூபாய். பலர் தவறுவது இங்கேதான்: லாரி வாடகையை அந்த ஆண்டின் செலவாகவே எழுதிவிடுகிறார்கள். உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள எடுத்துக்கொண்ட, கொள்முதல் ஜிஎஸ்டியை மட்டும் அடக்கவிலையில் சேர்க்கலாகாது.

இயந்திரம் 10 ஆண்டுகள் உழைக்கும், பிறகு பழைய இரும்பாக 40,000 ரூபாய் தரும் என மதிப்பிட்டால், ஆண்டுதோறும் ஒரே தொகையை எழுதும் நேர்கோட்டு முறையில் மீதி 5,00,000 ரூபாயைப் பத்தால் வகுக்க, ஆண்டுத் தேய்மானம் 50,000 ரூபாய். ஆண்டிறுதியில் தேய்மானக் கணக்கில் பற்றும் இயந்திரக் கணக்கில் வரவும் எழுதி, தேய்மானத்தை லாப நட்டக் கணக்குக்கு மாற்ற வேண்டும்.

வருமான வரிக்கு இந்தத் தொகை பொருந்தாது. வருமான வரி விதிகளில், பொதுவான இயந்திரங்களுக்குக் குறைந்துசெல் மதிப்பில், அதாவது முந்தைய ஆண்டுகளின் தேய்மானம் போக மீந்த மதிப்பில், 15 விழுக்காடு. கணினிக்கு 40 விழுக்காடு. ஆகவே நம் அச்சு இயந்திரத்துக்கு முதலாண்டில் 81,000 ரூபாய். மீந்த 4,59,000 ரூபாயின்மேல் இரண்டாம் ஆண்டில் 68,850 ரூபாய். வாங்கிய ஆண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி விகிதமே கிடைக்கும். டிசம்பரில் வாங்கியவருக்கு 40,500 ரூபாய்தான். நிலத்துக்குத் தேய்மானம் இல்லை என்பதால், கட்டடத்தோடு வாங்கிய மனையின் விலையைத் தனியே பிரித்து எழுத வேண்டும்.

வரி முடிந்ததும் தேய்மானத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; எனக்கு அதுவே பெரும் குறையாகப் படுகிறது. தாள், மை, கூலி, மின்கட்டணம் மட்டும் கூட்டி விலை சொல்லும் அச்சகத்தார், இயந்திரம் ஓய்ந்த நாளில்தான் லாபமென்று எடுத்துச் செலவழித்தது முதலின் ஒரு பகுதி என்பதை அறிகிறார். ஆண்டுக்கு 10,00,000 தாள் ஓடினால் 50,000 ரூபாய்த் தேய்மானம் தாளுக்கு 5 பைசா ஆகும். ஆயிரம் தாளுக்கு விலை கூறும்போது அந்த 50 ரூபாயையும் சேர்த்தே கூற வேண்டும்.