பழைய எஃப்-150: ஆக்ஸிஜன் சென்சார் நிஜமாகவே போய்விட்டதா?

செக் இன்ஜின் லைட் எரிகிறது, பெட்ரோல் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறது, ஐடிலில் வண்டி லேசாக உதறுகிறது. ஸ்கேனரை மாட்டினால் ஆக்ஸிஜன் சென்சார் (எக்ஸாஸ்ட் புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளப்பது) பேரில் ஒரு கோடு, அதாவது பழுதுக் குறியீடு, வருகிறது. உடனே கடைக்கு ஓடாதீர்கள். சென்சார் நன்றாகவே இருந்து, வேறெங்கோ இருக்கும் கோளாறைத்தான் அது சொல்லிக்கொண்டிருக்கும், பல வண்டிகளில் இதுதான் நடக்கிறது.

1997 முதல் 2003 வரை அமெரிக்காவில் வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டிகளில் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் உள்ளவற்றை வைத்துச் சொல்கிறேன். அங்கே 1996 மாடலிலிருந்து ஓபிடி2 (வண்டியே தன் பழுதைச் சொல்லும் பொது முறை) கட்டாயம் என்பதால், நேரலையில் அளவுகளைக் காட்டும் மலிவான ஸ்கேனரே போதும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் நாலு சென்சார்கள், பக்கத்துக்கு இரண்டு. எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது சென்சார் 1, பின்னால் இருப்பது 2. முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம்தான் பேங்க் 1, ஃபோர்டு வி8-ல் அது டிரைவருக்கு எதிர்ப்பக்கம். இதைச் சரியாகப் பார்க்காமல் நல்ல சென்சாரைக் கழற்றிவிட்டுப் பழுதானதை அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு.

பி0135 வந்தால் கோளாறு அந்த பேங்க் 1 சென்சார் 1-இன் ஹீட்டர் (சென்சாரைச் சூடாக்கும் கம்பி) சர்க்யூட்டில். முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். அப்புறம் கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம்ஸ் அளங்கள். சில ஓம்ஸிலிருந்து இருபது வரை காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது, எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது. ஒயர் எக்ஸாஸ்ட் குழாயில் பட்டு உருகியிருக்கிறதா என்றும் கையோடு பார்த்துவிடுங்கள், ஃப்யூஸ் போவதற்கு அது ஒரு காரணம்.

பி0171, பி0174 இரண்டும் சேர்ந்து வந்தால் நான் சென்சாரைத் தொடவே மாட்டேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காற்று அதிகம் என்று சொன்னால், இரண்டு சென்சாரும் ஒன்றாகச் செத்திருக்க வாய்ப்பு குறைவு. இந்த இன்ஜின்களில் த்ராட்டில் பாடிக்கு (காற்று உள்ளே போகும் வால்வு) பின்னால் பிசிவி ஹோஸின் (இன்ஜினுக்குள் சேரும் புகையைத் திரும்ப உறிஞ்சும் குழாய்) ரப்பர் முழங்கை ஒன்று இருக்கிறது, வயதானால் மெத்தென்று ஆகி அடிப்பக்கத்தில் வெடித்துவிடும், மேலிருந்து பார்த்தால் தெரியாது, விரலை வளைத்துத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஃபியூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, ஸ்கேனரில் தெரியும்) ஐடிலில் அதிகமாக இருந்து 2500 ஆர்பிஎம்-மில் இறங்கினால் காற்று இப்படி எங்கோ கசிகிறது என்று பொருள். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் ஓட்டையாக இருந்தாலும், ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இருந்தாலும் இதே பொய்க் கணக்குதான் வரும். ஏனென்றால் சென்சார் அளப்பது பெட்ரோலை அல்ல, மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை.

இதெல்லாம் சரியாக இருந்தால் இனி சென்சாரைச் சோதிக்கலாம். வண்டியை நன்றாகச் சூடாக்குங்கள், சென்சார் முனை சுமார் 300 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 2000 ஆர்பிஎம்-மில் பிடித்துக்கொண்டு சென்சார் 1-இன் வோல்டேஜைப் பாருங்கள். 0.1-க்கும் 0.9-க்கும் இடையே நிற்காமல் ஏறி இறங்க வேண்டும். 0.45 பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலோ, சோம்பேறித்தனமாக நகர்ந்தாலோ சந்தேகப்படுங்கள். சென்சார் 2 இதற்கு நேர்மாறு, அது அநேகமாக அசையாமல் இருப்பதுதான் சரி. அதுவும் சென்சார் 1 போலவே துள்ளினால் கன்வெர்ட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

முடிவாகத் தெரிய ஒரு சோதனை: பற்றவைக்காத புரொப்பேன் டார்ச்சைக் காற்று உள்ளே போகும் குழாயருகே கொஞ்சம் திறந்துவிடுங்கள், திறந்த வெளியில், சூடான எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி. வோல்டேஜ் சட்டென்று 0.8-க்கு மேல் போக வேண்டும். புரொப்பேனை மூடிவிட்டு ஒரு வேக்யூம் ஹோஸை (இன்ஜின் காற்றை உறிஞ்சும் சிறு குழாய்) கழற்றினால் 0.2-க்குக் கீழே விழ வேண்டும். இரண்டுமே உடனே நடந்தால் சென்சார் நல்லது, காசை மிச்சப்படுத்துங்கள். தயங்கித் தயங்கி நகர்ந்தால் மாற்றிவிடுங்கள்.

கழற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும், துருப்பிடித்த மரைக்கு முந்தைய நாளே பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு வையுங்கள். ஒயருக்கு வழிவிடும் பிளவுள்ள 22 எம்எம் சாக்கெட் வேண்டும். வெளியே வந்ததன் முனையைப் பாருங்கள்: கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம் எரிகிறது, வெள்ளைப் படிவு என்றால் கூலண்ட் உள்ளே போகலாம் அல்லது யாரோ பொருந்தாத சிலிக்கான் பசை தடவியிருக்கலாம். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதுசும் அதே கதிதான். புதியதன் மரையில் இறுகிப்போகாமல் இருக்க ஏற்கெனவே ஆன்டி-சீஸ் பசை பூசியிருந்தால் மேலும் பூசாதீர்கள், முனையில் எதுவுமே படக்கூடாது. மாட்டிய பிறகு கோடுகளை அழித்துவிட்டு சில நாள் ஓட்டி, ஃபியூல் ட்ரிம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறதா என்று ஸ்கேனரில் ஒருமுறை பாருங்கள்.