கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் புரதக் குறைவு: எங்கே தவறுகிறோம்?

எடை ஏறுகிறதே, அப்போது சத்தும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பது முதல் தவறு. கர்ப்பத்தில் ஏறும் எடையில் குழந்தை, நச்சுக்கொடி, பனிக்குட நீர், கூடுதல் ரத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்திருக்கிறது. மூன்று வேளையும் மாவுச்சத்திலேயே வயிறு நிரம்பிவிடும் பெண்ணுக்கும் எடை ஏறத்தான் செய்யும்.

புரதம் குறைந்தால் கிருமித் தொற்றும் எளிதில் வரலாம். தொற்றுக்கும் புரதத்துக்கும் என்ன சம்பந்தம்? கிருமியை மடக்கும் ஆன்டிபாடிகளே புரதங்கள்தான். வெள்ளை அணுக்கள் பெருகவும், சிசேரியன் தையலுக்கு அடியில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் உருவாகித் தோல் கூடவும் புரதம் வேண்டும். தையலின் ஓரம் ஒட்டாமல் ஈரமாகவே இருந்தால் கிருமி அங்கே எளிதாக நுழைந்துவிடும்.

"தினம் ஒரு முட்டை சாப்பிடுகிறேனே" என்பார்கள். நல்லதுதான், ஆனால் அதில் இருப்பது 6 கிராம் புரதம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு சாதாரண நாளில் சுமார் 40 கிராம் வேண்டும். கர்ப்பத்தின் பிற்பாதியில் அது 55 ஆகிறது, பால் கொடுக்கும்போது சுமார் 65. பிரசவத்துக்குப் பிறகுதான் தேவை உச்சத்தில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆனால் கவனமெல்லாம் குழந்தை மேல் போய், தாயின் தட்டு சுருங்குவதும் அப்போதுதான். இதைத்தான் மிகப் பெரிய தவறு என்பேன். தாய் குறைவாகச் சாப்பிட்டாலும் பாலில் புரதம் அவ்வளவு எளிதில் குறையாது, அது அவள் தசையிலிருந்து போகும்.

சரி, புரதப் பவுடர் வாங்கினால் போதுமா? உலக சுகாதார நிறுவனம் 2016-இல், ஊட்டக்குறைவு பரவலாக உள்ள இடங்களில் கர்ப்பிணிகளுக்குச் சக்தியும் புரதமும் சமநிலையில் உள்ள கூடுதல் உணவைப் பரிந்துரைத்தது. புரதம் மட்டும் மிகுந்த சப்ளிமென்ட் வேண்டாம் என்றது. மொத்த உணவே குறைவாக இருந்தால், சாப்பிட்ட புரதத்தையும் உடல் எரிபொருளாக எரித்துவிடும். பருப்பு, பால், முட்டை, மீன் எதுவானாலும் வயிறாரச் சாப்பிடும் உணவோடு, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாவது இருக்கட்டும்.

கால் வீங்கினால் புரதக் குறைவு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். முதலில் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டும்.

நன்றாகச் சாப்பிடுகிறவருக்குத் தொற்று வராது என்பதும் தவறு. பிரசவமான 6 வாரத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், நாற்றமடிக்கும் உதிரப்போக்கு, கூடிக்கொண்டே போகும் அடிவயிற்று வலி, தையலில் சிவப்பு அல்லது சீழ், இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தூக்கமில்லாத அசதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஊட்டம் மிகக் குறைந்த உடலில் காய்ச்சல் பெரிதாக ஏறாமலும் போகலாம். மூச்சு வேகமாகி, படபடப்பு வந்து, பேச்சு குழறினால் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள். அங்கே போனதும், பிரசவமாகி எத்தனை நாள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.