ஒவிட்டா, நாசோவா? ஒரு ரோமக் கவிஞரின் பெயரைப் பிரித்துப் படிக்கும் முறை

பழைய லத்தீன் பதிப்பின் முகப்பில் 'பி. ஒவிதியி நாசோனிஸ்' என்று இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ஒவிட்' என்று போட்டிருப்பார்கள். கவிதைக்குள் போனால் கவிஞர் தன்னை 'நாசோ' என்கிறார். மூன்றும் ஒரே ஆள்தான். கி.மு. 43 மார்ச் 20 அன்று இத்தாலியின் சுல்மோவில் பிறந்தவர், 'மெட்டமார்ஃபசிஸ்' எழுதியவர், கி.பி. 8இல் பேரரசர் அகஸ்டஸ் கருங்கடல் கரையிலிருந்த தோமிஸுக்கு விரட்டிய கவிஞர். முழுப்பெயர் பூப்லியுஸ் ஒவிதியுஸ் நாசோ. இந்த ஒரு பெயரைச் சரியாகக் கழற்றி மாட்டப் பழகினால் மற்ற ரோமக் கவிஞர்களின் பெயர்களும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

முதல் வேலை: உருபை உரித்தெடுங்கள்

முகப்பில் இருப்பது ஆறாம் வேற்றுமை: 'ஒவிதியுஸ் நாசோவின் (நூல்)' என்று பொருள். அதை அப்படியே ஆசிரியர் பெயராக எடுத்துக்கொண்டு நூலகப் பட்டியலில் 'நாசோனிஸ்' என்று தேடினால் எதுவும் அகப்படாது. 'இயி' என்று முடிந்தால் 'இயுஸ்' ஆக்குங்கள். 'ஓனிஸ்' என்று முடிந்தால் 'ஓ' ஆக்குங்கள். ஒவிதியி என்பது ஒவிதியுஸ் ஆகும், நாசோனிஸ் என்பது நாசோ ஆகும். கல்வெட்டாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ரோமானியர் 'உ' ஒலிக்கும் 'வ' ஒலிக்கும் ஒரே எழுத்தைத்தான் வெட்டினார்கள்; ஆங்கில 'வி' போன்ற அந்த வடிவம் உயிரா மெய்யா என்பதை இடம் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

மூன்று துண்டுகள்

முன்னால் நிற்கும் 'பி.' நம் இனிஷியலைப் போலத் தெரியும். தமிழ் வாசகர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். அது அப்பா பெயரின் முதலெழுத்து அல்ல, பிள்ளைக்கே இட்ட பெயர்: பூப்லியுஸ். ரோமில் இப்படி இடும் பெயர்கள் மிகக் குறைவு. பரவலாக இருந்தவை இருபதுக்குள்தான். அதனால்தான் ஓரெழுத்துச் சுருக்கம் போதுமாக இருந்தது. 'கியூ.' என்றால் குவிந்துஸ், 'எம்.' என்றால் மார்குஸ். 'சி.' என்று இருந்தால் 'காயுஸ்' என்று படிக்க வேண்டும், முதலெழுத்து 'கங்கை'யில் வரும் இரண்டாவது 'க' போல ஒலிக்கும். பழைய லத்தீனில் இரண்டு ககர ஒலிகளுக்கும் ஒரே எழுத்து இருந்த காலத்தின் மிச்சம் அந்தச் சுருக்கம். அப்பா பெயர் வேண்டுமென்றால் கல்வெட்டில் குலப்பெயருக்கு அடுத்து 'எஃப்.' என்ற எழுத்தைத் தேடுங்கள். அது 'மகன்' என்பதன் சுருக்கம். அதற்கு முன்னால் நிற்பதுதான் தந்தையின் இனிஷியல்.

இரண்டாவது துண்டு குலப்பெயர்: ஒவிதியுஸ். பெரும்பாலும் 'இயுஸ்' என்று முடியும், தலைமுறை தலைமுறையாக வரும். மூன்றாவது பட்டப்பெயர்: நாசோ.

இன்று வழங்கும் சுருக்கப் பெயர் எந்தத் துண்டிலிருந்து வந்தது என்பதற்கு விதி எதுவும் இல்லை, மனப்பாடம்தான். ஒவிட், வெர்ஜில், ஹோரஸ் மூவரும் குலப்பெயரால் அறியப்படுகிறார்கள். கட்டுல்லுஸ், ஜுவெனல், மார்ஷியல் பட்டப்பெயரால். ஜெர்மன் நூலகப் பட்டியல்களில் 'ஒவிதியுஸ் நாசோ, பூப்லியுஸ்' என்று தேடுங்கள். பிரெஞ்சில் 'ஒவீத்', இத்தாலியனில் 'ஒவீதியோ'.

தமிழில் எழுதும்போது முதலெழுத்தை 'ஓ' என்று நீட்டாதீர்கள். லத்தீனில் அது குறில்; ஆங்கிலத்திலும் நீளாது. முழுப்பெயரில் 'டி'யைவிட 'தி' மூலத்துக்கு நெருக்கம். 'ஒவிட்' என்ற வடிவம் ஆங்கிலம் வழியாக வந்து நிலைத்துவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்.

மூக்கு யாருடையது?

'நாசுஸ்' என்றால் மூக்கு. உடலுறுப்புப் பெயரோடு 'ஓ' சேர்த்தால் அந்த உறுப்பு எடுப்பாக உள்ளவர் என்று ஆகும். தலையிலிருந்து கபிதோ, நெற்றியிலிருந்து ஃப்ரொந்தோ, உதட்டிலிருந்து லபேயோ, பாதத்திலிருந்து பெதோ. ஒவிட்டின் நண்பர்களில் ஒரு கவிஞரின் பெயரே அல்பினோவானுஸ் பெதோ. நாசோ என்பது நம்மூர்க் கணக்கில் 'மூக்கன்'.

இதை வைத்துக்கொண்டு ஒவிட்டுக்குப் பெரிய மூக்கு என்று எழுதிவிடக் கூடாது. பட்டப்பெயரும் வழிவழியாக வருவது. நம் இலக்கணத்தின் சொல்லால் சொன்னால், முதன்முதலில் அதைப் பெற்ற பாட்டனுக்கு அது காரணப்பெயர். பேரனுக்கு வெறும் இடுகுறி. அவர் காலத்தில் செய்த உருவச்சிலை என்று உறுதியாகக் காட்டக்கூடியது ஒன்றுமில்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் வரும் பள்ளி ஆசிரியர், கற்பனை மலர்களின் மணத்தை மோப்பம் பிடித்ததால்தானே அவர் நாசோ என்று கேட்பார். நல்ல நகைச்சுவை, ஆனால் சொற்பிறப்பியல் ஆகாது.

அலகிட்டுப் பாருங்கள்

அவர் கவிதையில் ஏன் ஒவிதியுஸ் என்று சொல்லிக்கொள்ளவில்லை? விடை யாப்பில் இருக்கிறது. தமிழ் யாப்பு தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் நேர், நிரை பார்க்கக் கூடாது. லத்தீனில் குறில் ஒன்று, நெடில் இரண்டு. மெய்யில் முடியும் அசையும் இரண்டு. தமிழில்போல மெய்க்கு அரை மாத்திரை என்ற கணக்கு அங்கே கிடையாது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் முந்தைய சொல்லின் கடைசி மெய் அதோடு போய்ச் சேர்ந்துவிடும்.

ஒவிட் எழுதிய ஈரடிப் பாட்டில் முதலடிக்கு ஆறு சீர்; இரண்டாமடி இரண்டு பாதியாக உடையும். சீர் என்பது நெடில்-குறில்-குறில், அல்லது நெடில்-நெடில். ஆகவே மூன்று குறில் அடுத்தடுத்து வர வழியே இல்லை. இப்போது பெயரைப் பிரியுங்கள்: ஒ, வி, தி, உஸ். முதல் மூன்றும் குறில். கதவு சாத்தியாயிற்று. விளிக்கும்போது அது 'ஒவிதீ' என்று சுருங்கி, குறில்-குறில்-நெடில் ஆகிப் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் 'நான் இன்னார்' என்று எழுவாயாகச் சொல்ல அது உதவாது. அவர் எல்லா இடத்திலும் நாசோவையே வைத்துக்கொண்டார்.

நாடு கடத்தப்பட்ட பின் எழுதிய 'திரிஸ்தியா'வில், மனைவிக்கு எழுதும் கடிதக் கவிதையில், தன் கல்லறைக்கென்று நான்கு அடிகளை அவரே கொடுக்கிறார். இரண்டாமடி: 'இங்கேனியோ பெரியீ நாசோ பொயேதா மெயோ'. என் திறமையாலேயே அழிந்தேன், கவிஞன் நாசோ. அலகிட்டால் இப்படி வரும்:

இன் கெ நி | ஓ பெ ரி | ஈ
நா சொ பொ | ஏ த மெ | ஓ

இரண்டு பாதியும் நெடில்-குறில்-குறில், நெடில்-குறில்-குறில், நெடில். ஒரு மாத்திரைகூடப் பிசகவில்லை. புதிதாக அலகிடுபவர் சறுக்கும் இடம் 'நாசோ'வின் ஈறு. பெயரைத் தனியாக எழுதும்போது நெடிலாக எழுதுகிறோம். இந்த அடியில் ஒவிட் அதைக் குறுக்கிவிடுகிறார். நெடில் என்று வைத்தால் பாதி அடி உடைந்துபோகும்.

ஒப்பிட்டுப் பார்க்க வெர்ஜிலை எடுங்கள்; லத்தீனில் வெர்கிலியுஸ். 'வெர்' மெய்யில் முடிவதால் இரண்டு. 'கி', 'லி' குறில்கள். நெடில்-குறில்-குறில், அளவெடுத்துத் தைத்த மாதிரி. அவர் 'ஜியார்ஜிக்ஸ்' நூலின் கடைசியில் குலப்பெயரையே சொல்லிக்கொள்ள முடிந்தது அதனால்தான். அந்தப் பெயரின் கோளாறு வேறு வகை. மூலத்தில் 'வெர்'. பிற்காலத்தில் 'விர்' என்று மாறி, கோல் என்று பொருள்படும் 'விர்கா'வோடு ஒட்டிக்கொண்டது. இடைக்காலத்தார் அவரை மந்திரவாதியாக்கியபோது அந்தக் கோலும் தோதாக அமைந்தது. 1489இல் இத்தாலிய அறிஞர் பொலிசியானோ, பழைய கையெழுத்துப் படிகளையும் கல்வெட்டுகளையும் காட்டி 'வெர்' என்பதே சரி என்று வாதிட்டார். ஆங்கிலத்தில் இரண்டும் இன்னும் புழங்குகின்றன. தேடும்போது இரண்டையும் போடுங்கள்.

பெயர் போன வழி

ஆவணங்களில் 'நாசோ' என்று கண்டவுடன் ஒவிட் என்று முடிவுகட்ட வேண்டாம். ஃபிராங்கிய மன்னர் சார்லமேன் அரசவையில் அறிஞர்கள் பழம்புலவர் பெயர்களைச் சூட்டிக்கொண்டார்கள். அங்கே நாசோ என்றால் மோதோயின், ஹோரஸின் பட்டப்பெயரான ஃபிளாக்குஸ் என்றால் ஆல்குயின். 8, 9ஆம் நூற்றாண்டுக் கடிதம் என்றால் முதலில் காலத்தைப் பாருங்கள்.

இடப்பெயர்களிலோ குலப்பெயர்தான் வென்றது. தோமிஸ் இன்றைய ருமேனியாவின் கான்ஸ்தான்சா. அந்த நாட்டில் 'ஒவிதியு' ஆண்களுக்குச் சாதாரணமாக வைக்கும் பெயர்; பக்கத்தில் அதே பெயரில் ஒரு சிற்றூர், நகரத்தில் ஒவிதியுஸ் பல்கலைக்கழகம். உக்ரைனில் ஒதேசா அருகே ஒவிதியோபோல் என்ற ஊருக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு பிழையால்: 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கிடைத்த கல்லறையைக் கவிஞருடையது என்று நம்பிவிட்டார்கள். ஆகவே ஊர்ப் பெயரை மட்டும் வைத்து 'ஒவிட் இங்கே வாழ்ந்தார்' என்று எழுதாதீர்கள். பிறந்த ஊரான சுல்மோ, இன்றைய சுல்மோனா, சரியான சான்றை வைத்திருக்கிறது. நகரச் சின்னத்திலுள்ள 'எஸ்.எம்.பி.இ.' என்ற நான்கு எழுத்துகள், 'சுல்மோ என் தாய்நாடு' என்று அவரே எழுதிய அடியின் சுருக்கம்.

படித்ததைச் சோதிக்கக் கான்ஸ்தான்சாவின் ஒவிட் சதுக்கம் தோதான இடம். எத்தோரே ஃபெராரி செய்த சிலை 1887இல் அங்கே வைக்கப்பட்டது; அதன் அச்சு அசலான இன்னொன்று 1925 முதல் சுல்மோனாவில் நிற்கிறது. கான்ஸ்தான்சா சிலையின் பீடத்தில் அந்த நான்கு கல்லறை அடிகள் பொறித்திருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கினாலே படிக்கலாம். ஒவிதியுஸ் என்ற சொல்லை அவற்றில் தேட வேண்டாம், இருக்காது. இரண்டாமடியில் 'நாசோ' எழுவாயாக நிற்கும். நான்காமடியில் 'நாசோனிஸ்' என்று உருபேற்று வரும்: நாசோவின் எலும்புகள் மெத்தென்று துயிலட்டும்.