காய்ச்சலும் பாய்ச்சலும்: சோற்றை விடாமல் தொப்பையைக் குறைக்க ஒரு செய்முறை

மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் இருபது வருடமாக நான் ஓயாமல் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு: “தண்ணியக் கட்டியே வைக்காதீங்க, காய்ச்சலும் பாய்ச்சலுமா விடுங்க.” ஜுரம் இல்லை, வயலைக் காயவிட்டு, மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டபிறகு மறுபடி பாய்ச்சுவது. எந்நேரமும் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது, பயிர் நன்றாகத் தூர் கட்டாது. இப்படி ஊருக்கு உபதேசம் செய்துகொண்டே, காலை ஐந்தரை மணிக் காப்பிக்குத் திறந்த மடையை ராத்திரி பத்தரை வரை நான் அடைத்ததே இல்லை.

போன தை மாதம் ரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1. ரத்தத்திலுள்ள கொழுப்பான டிரைகிளிசரைடு 214. இடுப்பு 101 செ.மீ. அதன்பிறகு நான் செய்ததை, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், ஏற்கெனவே மெலிந்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நேராக ஆரம்பிக்க வேண்டாம். ஏன் என்பதற்கு என் வீட்டிலேயே ஒரு கதை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை: அளந்து எழுதுங்கள்

எடை பார்க்கும் மெஷினைவிட, தையற்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் இதற்கு நன்றாக உதவும். நேராக நின்று, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி அளக்க வேண்டும். வேட்டி கட்டுகிற இடத்தில் அளக்காதீர்கள். தொப்பை உள்ளவர்களுக்கு வேட்டி அதற்குக் கீழேதான் நிற்கும். அங்கே அளந்து “எனக்கு 92தான்” என்று ஒரு வாரம் நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

நம் நாட்டு உடம்புக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைவிட, குடலையும் ஈரலையும் சுற்றிப் படிவதுதான் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னே வந்திருப்பவர் “நான் குண்டு இல்லையே” என்று தப்பிக்க முடியாது. 2023-இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு முடிவில் பொதுவான உடல் பருமன் 28.6 சதவீதம் பேருக்கு. வயிற்றுப் பருமனோ 39.5 சதவீதம் பேருக்கு. அந்த இடைவெளியில் நிற்கிறவர்கள்தான் நம் கடைத்தெருவில் பாதிப்பேர்.

கூடவே வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, பிரஷர் நான்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125, சராசரி 5.7 முதல் 6.4 என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. டிரைகிளிசரைடு 150-க்குக் கீழே இருக்க வேண்டும்.

இரண்டாவது: நான்கு நாள் கணக்கு

எதையும் மாற்றாமல், நான்கு நாளைக்கு வாயில் போட்ட ஒவ்வொன்றையும் மணியோடு எழுதுங்கள். பாக்கி நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் நான் எழுதினேன். என்ன சாப்பிட்டோம் என்பதைவிட எத்தனை மணிக்கு என்பது முக்கியம்.

என் கணக்கில் ஒருநாள் இப்படி: 5.30 காப்பி. 8.45 இட்லி நாலு, வடை ஒன்று. 11.00 காப்பி. 12.30 கம்பெனி ஆள் வந்ததால் டீ, பிஸ்கட். 2.45 சாப்பாடு. 4.30 காப்பி, பஜ்ஜி. 6.30 டீ. 8.00 யாரோ கொடுத்த கோயில் பிரசாதம். 10.20 சோறு. ஒன்பது முறை, கிட்டத்தட்ட பதினேழு மணி நேரம். பசி என்று எழுந்து சாப்பிட்டது அதில் ஒரே ஒரு முறை.

இதில் என்ன தப்பு? சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும். அது ஏறி நிற்கும் வரை உடம்பு சேமிப்பு வேலையைப் பார்க்கும். கொழுப்புக் கிடங்கின் கதவு மூடியே இருக்கும். இன்சுலின் இறங்கினால்தான் ஈரல் தன் கையிருப்பைச் செலவழித்துவிட்டு, கிடங்கிலிருந்து கொழுப்பை எடுக்கத் தொடங்கும். இரண்டு மணிக்கொரு தரம் டீயும் பிஸ்கட்டும் போனால் வயல் காய்வது எப்போது?

இன்னொன்று, உடம்புக்குள் ஓடும் கடிகாரம். அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காக 2017-இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூளையிலுள்ள கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்கிறது. ஈரல், கணையம் இவற்றிலும் கடிகாரங்கள் உண்டு. அவை சாப்பாட்டு நேரத்தையும் பார்க்கின்றன. காலையில் இன்சுலின் சுறுசுறுப்பாக வேலை செய்யும். ராத்திரியானால் தூக்கத்துக்கான ஹார்மோன் மெலட்டோனின் சுரக்கத் தொடங்கி, இன்சுலின் சுரப்பைக் குறைக்கும். அதனால் அதே நாலு இட்லி, காலை எட்டு மணியைவிட இரவு பத்து மணிக்கு ரத்தச் சர்க்கரையை அதிகமாக ஏற்றும். சச்சிதானந்த பாண்டா என்ற விஞ்ஞானியின் குழு 2012-இல் எலிகளுக்கு ஒரே கொழுப்புத் தீனியைக் கொடுத்துப் பார்த்தது. எட்டு மணி நேரத்துக்குள் தின்ற எலிகள், நாள் முழுக்கக் கொறித்த எலிகளைப் போலக் கொழுக்கவில்லை. எலிக்கு நடந்ததெல்லாம் மனிதனுக்கு அப்படியே நடக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது: ராத்திரிச் சாப்பாட்டை முன்னே நகர்த்துங்கள்

மொத்த முறையிலும் கஷ்டமானது இதுதான், பலனும் இதில்தான் அதிகம். ஒரே நாளில் பத்தரையிலிருந்து ஏழுக்குத் தாவாதீர்கள். வாரத்துக்கு அரை மணி. பத்தரை, பத்து, ஒன்பதரை என்று இறக்கினால் ஏழாவது வாரம் ஏழு மணிக்கு வந்துவிடலாம்.

கடை ஒன்பதரைக்குத்தான் சாத்துகிறேன், ஏழுக்கு எப்படிச் சாப்பிடுவது என்று முதலில் எனக்கும் குழப்பம். கடைசியில் கடையிலேயே சாப்பிடுவது என்று முடிவானது. பையன் டியூஷன் போகும் வழியில் ஆறே முக்காலுக்கு அடுக்குச் சட்டியை வைத்துவிட்டுப் போவான். உள்ளறையில் யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கை கழுவி உட்கார்ந்துவிடுவேன். ஏழு மணிக்கு வந்த புதிதில் ஒன்பது மணிக்கு வயிறு கூப்பாடு போட்டது. வெந்நீரோ, உப்புப் போட்ட நீர்மோரோ ஒரு டம்ளர். மூன்றாவது வாரத்துக்கு மேல் அந்தப் பசி தானாக அடங்கிவிட்டது. வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் நேரம் போனதில் என் மனைவிக்கு வருத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை அதற்கென்று வைத்துக்கொண்டோம்.

ஆரம்பத்தில் இலக்கு எளிது: முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரம், காலை ஏழு முதல் இரவு ஏழு வரை. பழகினால் பத்து மணி நேரத்துக்குக் குறைக்கலாம். காலைச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு இரவைப் பிடித்துக்கொள்ளும் இளைஞர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பது என் கருத்து. 2013-இல் இஸ்ரேலில் செய்த ஆய்வு ஒன்றில், உடல் பருமனான பெண்களை இரண்டாகப் பிரித்து 1,400 கலோரியை இரண்டு விதமாகப் பங்கிட்டார்கள். காலையில் 700, இரவில் 200 சாப்பிட்ட குழு பன்னிரண்டு வாரத்தில் சராசரியாக 8.7 கிலோ இறங்கியது. காலையில் 200, இரவில் 700 என்ற குழு 3.6 கிலோதான்.

ஆனால் நேரம் மட்டும் போதாது. இரண்டாவது மாதம் “ஏழு மணிக்குள்தானே” என்ற தைரியத்தில் இரண்டு நாள் சோற்றை ஒரே சட்டியில் அடைத்தேன். இஞ்ச் டேப் அசையவில்லை. 2022-இல் சீனாவில் 139 பேரை ஒரு வருடம் கவனித்த ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: இரு குழுவும் ஒரே மாதிரி அளவைக் குறைத்துச் சாப்பிட்டபோது, எட்டு மணி நேரக் கட்டுப்பாடு கூடுதலாகப் பெரிய எடைக் குறைவு எதையும் தரவில்லை.

இப்போது அப்பா கதை. எழுபத்து நாலு வயது, சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு எடுக்கிறார். என்னைப் பார்த்து அவரும் ஒருநாள் ஏழு மணிக்கே கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் வழக்கமான அளவில் போட்டுக்கொண்டு படுத்தார். விடிகாலை மூன்றரைக்குப் பனியன் நனைய வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. குத்திப் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நல்லவேளையாக விழுங்கும் நினைவு இருந்தது. அம்மா மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார், கால் மணியில் தெளிந்தார். அந்த வகை மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டு மருந்தளவை மாற்றாமல் சாப்பாட்டு நேரத்தைத் தொடவே கூடாது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் நோன்பு வைக்கும் சர்க்கரைக்காரர்கள் ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுவதும் இதற்காகத்தான்.

நான்காவது: தட்டு

கடையில் விதை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. ஒருநாள் என் சோற்றை அதில் வைத்தேன். 420 கிராம். நூறு கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து என்றால், ஒரு வேளைக்கு நான் உள்ளே அனுப்பியது 118 கிராம். உடம்பு ரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் சர்க்கரை சுமார் ஒரு டீஸ்பூன்தான். வாய்க்காலில் ஆற்றைத் திருப்பிவிட்ட கதை. அப்பா இதைவிட அதிகம் சாப்பிட்டார். ஆனால் அவர் விடியுமுன் வயலில் இறங்கினவர். இன்று நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின், வரப்பு பார்க்கப் பைக். சோற்றளவு மட்டும் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டது.

சோற்றை விடு என்று டெல்டாக்காரனிடம் யாரும் சொல்லி ஜெயிக்க முடியாது. நானும் விடவில்லை, 180 கிராமுக்கு வந்தேன். உதவியது ஒரு சின்னத் தந்திரம். நாம் சோற்றை மூன்று தவணையாகப் போட்டுக்கொள்கிறோம்: குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. குழம்புக்கு மட்டும் சோறு. ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுங்கள். முக்கால்வாசி வேலை முடிந்தது.

அடுத்து வரிசை. பந்தியில் கவனித்திருப்பீர்கள்: இலையில் பொரியலும் கூட்டும்தான் முதலில் விழும், நாம்தான் சோறு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். காத்திருக்காதீர்கள். வாழைத்தண்டு, கீரை, அவரை, முட்டை, மீன் எதுவானாலும் முதலில் சாப்பிட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்துச் சோற்றுக்கு வாருங்கள். சர்க்கரை நோயாளிகள் பதினோரு பேரை வைத்து 2015-இல் அமெரிக்காவில் நடந்த சிறு ஆய்வில், இப்படி வரிசை மாற்றியதுமே சாப்பிட்ட ஒரு மணி நேரத்துச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது.

குறைத்த சோற்றின் இடத்தைப் புரதம் நிரப்பாவிட்டால் ஒன்பது மணிக்குப் பிஸ்கட் டப்பாவைத் தேடுவீர்கள். பவுடர் டப்பா எதுவும் தேவையில்லை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிக்கிற ஊர் இது. விளைந்ததை மூட்டையாக விற்றுவிட்டு மைதா வாங்கித் தின்கிறோம். என் சட்டியில் இப்போது தினம் ஒரு கிண்ணம் பயறுச் சுண்டல், அல்லது நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தி.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி பற்றிக் கடையில் நிறையப் பேர் கேட்கிறார்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்திராவிட்டால் இவற்றில் பல நமக்குக் கிடைத்திருக்காது. தவிடு நீக்காத அரிசியில் நார் உண்டு, சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறும். ஆனால் அதிலும் மாவுச்சத்து ஏறக்குறைய அதே அளவு. கவுனி என்பதற்காக இரண்டு தட்டு சாப்பிட்டால் கணக்கு பழைய இடத்துக்கே வரும். பழைய சோறும் அப்படித்தான்: ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து சற்றுக் கூடும், மருந்தாகிவிடாது.

ஐந்தாவது: காப்பி

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு காப்பியை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. ஐந்து காப்பி டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம்; ஒரு நாளைக்கு 25-க்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டாகக் குறைத்து, சாப்பாட்டை ஒட்டியே குடியுங்கள். பாலும் சர்க்கரையும் போட்ட ஐந்தரைக் காப்பிதான் அன்றைய மடையைத் திறக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

ஆறாவது: சாப்பிட்டபின் நடை

பதினைந்து நிமிடம் போதும், ஆனால் சாப்பிட்ட அரை மணிக்குள். நடக்கிற கால் சதை ரத்தச் சர்க்கரையை நேராக இழுத்துக்கொள்ளும். நான் பையனைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு ஹரித்ராநதிக் கரையில் போய் வருகிறேன்.

கடைசியாக: தப்பிப்போகும் நாட்களும் மறு பரிசோதனையும்

கல்யாண ரிசப்ஷன், பங்குனித் திருவிழா, கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்திருக்கும் ராத்திரி, இவையெல்லாம் வரும். அன்றைக்குச் சாப்பிடுங்கள், மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டாதீர்கள், வழக்கமான நேரத்துக்குத் திரும்பினால் போதும். வாரத்தில் ஐந்து நாள் சரியாக இருந்தால் நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

இடுப்பை மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். சராசரிச் சர்க்கரையை மூன்று மாதம் முடியுமுன் மறுபடி பார்த்துப் பணத்தை வீணாக்காதீர்கள். ரத்தத்தின் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அதில் பார்க்கிறார்கள், அந்த அணுக்கள் புதிதாக மாற அவ்வளவு காலம் ஆகும். ஆறு மாதம் கழித்து என் தாளில் சராசரி 5.8, டிரைகிளிசரைடு 163. இடுப்பு 96. எல்லைக்கு இன்னும் 6 செ.மீ. பாக்கி.